பிரிஸ்கோ துரையின் சோபா

சாயங்காலம் ஆறரை மணி. ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற ரோடு. கார்த்திகை மாசத்து மழை அப்போதுதான் விட்டிருந்தது. மழை விட்டதும் இங்கே பனிமூட்டம் இறங்குமே... அது இறங்கிக்கொண்டிருந்தது. ஷேர் ஜீப்பிலிருந்து ஒரே ஒரு பெண் இறங்கினாள். ஜீப் கிளம்பியது. அதன் சிவப்பு விளக்கு ஒரு வளைவு வரைக்கும் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

அவள் பெயர் லூர்துசெல்வி. நம் ஆரோக்கியதாஸ் இருக்கிறாரே, அவருடைய பெரியம்மா மகள். அவர் இதை என்னிடம் ஒரே தடவைதான் சொன்னார். சொல்லி முடிக்கிற வரைக்கும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் எதையும் தொட்டவர் இல்லை. கேட்டதற்கே அப்படி. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பாதியில் எப்படியும் தலைக்குத்தான் போகும்.

ரோட்டிலிருந்து பங்களாவுக்குக் காப்பித் தோட்டத்தின் வழியாக ஒரு மண்பாதை. சில்வர் ஓக் மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எங்கேயோ காப்பிப் பழத்தோல் குவித்துப் போட்டு அழுகுகிற புளிப்பு வாசம். அது இங்கே பிறந்தவர்களுக்கு நாற்றமே இல்லை. செல்வி பாதி வழியில் நின்றது வேறு ஒன்றுக்காக. ஈரத்தலையைத் துவட்டாமல் அள்ளி முடிந்து, நாலு நாள் அப்படியே விட்டு அவிழ்த்தால் ஒரு வாடை வரும்... ஊசின தேங்காயெண்ணெய், வேர்வை, பிசுக்கு. அந்த வாடை. பங்களாப் பக்கமிருந்து வந்தது.

தன் தலையில்தான் என்று நினைத்துப் பின்னலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். இல்லை.

சுற்று வட்டாரத்தில் அதைப் பிரிஸ்கோ பங்களா என்பார்கள். காப்பித் தோட்டம் போட்ட பிரிஸ்கோ துரை கட்டினது. பல கை மாறிக் கடைசியில் சேலத்துக்காரர் நல்லமுத்துவிடம் வந்திருந்தது. அவர் ஓடு மாற்றி, குளியலறைகளில் வெந்நீர்க் குழாய் வைத்து, விருந்தாளிகள் வந்து தங்குகிற இடமாக மாற்றிக்கொண்டிருந்தார். ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் பழைய படங்கள் மாட்ட வேண்டும். துரை யார், எப்படி வாழ்ந்தார் என்று அழகாக நாலு வரி எழுதி வைக்க வேண்டும். அதற்காகத்தான் லூர்துசெல்வியை வரவழைத்திருந்தார். கிறிஸ்துமஸ் லீவுக்குள் திறந்துவிட வேண்டும் என்று அவசரம்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவள் அவள். லண்டனுக்குப் போகாமலே லண்டன் காகிதங்களைப் படிக்கிறவள் என்று அங்கே அவளுக்குப் பெயர். வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரிகைகள், மிஷன் சங்கத்து அறிக்கைகள், மியூசியங்களின் பட்டியல்கள் எல்லாம் இப்போது நெட்டில் கிடக்கின்றன. ஆனால் கிடக்கிறது என்பதால் கிடைத்துவிடாது. சேர்வராயன் மலையை அவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எழுத்துக் கூட்டி எழுதினார்கள். பழைய அச்சைக் கம்ப்யூட்டர் தப்பும் தவறுமாகப் படித்து வைத்திருக்கும், அந்தத் தப்பையும் யோசித்துத் தட்ட வேண்டும். அதைவிட ஒன்று உண்டு. நம் ஆட்களைத் தேட வேண்டுமென்றால், அவர்கள் நம் ஆட்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ அதைத்தான் தட்ட வேண்டும். நாக்கூசும். தட்டித்தான் ஆக வேண்டும்.

நல்லமுத்து வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயது. மை போட்ட கறுப்பு முடி, நல்ல சிரிப்பு.

"வாங்க மேடம், வாங்க. நனஞ்சிட்டீங்களா? இப்படி உக்காருங்க. இது துரையோட சோபாவுங்க. ஒரிஜினலு. துணிகூட மாத்துல. உள்ளார பூராவும் குதிரை முடி. இந்தக் காலத்துல எவன் செய்வான் சொல்லுங்?"

பச்சைக் கோடு போட்ட துணி. தேக்குக் கை. மூன்று பேர் உட்காரலாம். இரண்டு பக்கமும் அதே துணியில் சின்னச் சின்னத் தலையணைகள். செல்வி உட்கார்ந்தாள். சோபா மெதுவாக உள்ளே போனது. அந்த வாடை ஒரு மூச்சு விட்டது மாதிரி மேலே வந்தது.

உட்காராமல் இருக்கவும் முடியாது. அந்தப் பங்களாவில் வைஃபை கிடைப்பது சோபா போட்டிருந்த அந்த ஒரு மூலையில் மட்டும்தான். லேப்டாப்பை மடியில் வைத்து அங்கேயே வேலையைத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் தொடையில் சுருக் சுருக்கென்று குத்தியது. துணியைத் துளைத்துக்கொண்டு முடி நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வந்தது... வந்துகொண்டே இருந்தது. ஒரு முழத்துக்கு மேல். மெல்லிசு. நுனியில் லேசாகச் சுருள். குதிரை வாலில் இப்படி ஒரு முடியை அவள் பார்த்ததில்லை.

உதறினாள். விரலில் ஒட்டிக்கொண்டது. பிசுபிசுவென்று எண்ணெய். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். ராத்திரி சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது விரலில் அந்த வாடை இருந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

சமைத்துப் போட்டவள் சுதாராணி. முப்பது வயசிருக்கும். பக்கத்து ஊரான மஞ்சக்குட்டைக்காரி. அவளுடைய அம்மா வழி ஆட்கள் எல்லோரும் இந்த எஸ்டேட்டு லைன் வீடுகளில் பிறந்து, இங்கேயே பழம் பறித்து, இங்கேயே செத்தவர்கள். சாப்பாடு பிடிக்கவில்லையோ என்று அவளுக்கு வருத்தம்.

"ஏனுங்க்கா, உப்பு சேந்துருச்சுங்களா?"

"இல்ல கண்ணு. எனக்குத்தான் வயிறு செரியில்ல."

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. நல்லமுத்து சாமான் வாங்கச் சேலத்துக்குப் போயிருந்தார். செல்வி பின்கட்டில் பழைய கதவுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவே ஹாலிலிருந்து இன்னொரு சத்தம்.

ஸ்ஸ்... டக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும்... ஸ்ஸ்... டக்.

இங்கே இருக்கிற பெண்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பேன் பார்க்கிறபோது, பேனை எடுத்து இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்குகிறபோது, பல்லுக்கு நடுவில் காற்றை இழுப்போமே. ஸ்ஸ். அப்புறம் நகம்... டக். அந்தச் சத்தம் வேறு எதற்கும் வராது.

பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு செல்வி ஹாலுக்கு வந்தாள். சத்தம் நின்றது. அங்கே சுதாராணி மட்டும்தான். தரையில் உட்கார்ந்து, தலையைச் சோபாவின் மேல் சாய்த்து, கூந்தலை அவிழ்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில் ஒரு சுகம். அவள் கூந்தல் சோபாவின் மேல் நாலைந்து பாகமாக வகிடு பிரித்து... நேர்த்தியாக, யாரோ விரலால் கோதிப் பிரித்து வைத்த மாதிரி கிடந்தது.

செல்வியின் காலடிச் சத்தத்தில் விழித்தாள். கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"நீங்களாக்கா இத்தன நேரம் பேன் பாத்தீங்க? நொம்ப சொகமா இருந்துச்சுங்க."

செல்வி சோபாவைப் பார்த்தாள். சோபாவின் பச்சைத் துணியில், சுதாராணி தலை வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள். ஈரமாக இருந்தன. நசுக்கி நசுக்கித் துணியில் துடைத்திருக்கிறார்கள்.

சுதாராணியை டீ போடச் சொல்லி அனுப்பிவிட்டு, தரையில் பாய் போட்டு, வைஃபை விட்டுப்போகாமல் சோபாவிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள். பிரிஸ்கோ என்ற பெயரோடு மலையின் பெயரை மாற்றி மாற்றித் தட்டினாள். ஒன்றும் உருப்படியாக வரவில்லை. அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைத் தட்டினாள். கூலி. அதோடு பெண். அதோடு பிரிஸ்கோ.

இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரின் மியூசியம். அதன் சாமான்களையெல்லாம் படமெடுத்து நெட்டில் போட்டிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்க்கலாம். எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம்.

ஒரு தலையணை. பச்சைக் கோடு போட்ட துணி.

கீழே நாலு வரி இருந்தது. 'திண்டு. மனிதத் தலைமுடி அடைத்தது. சேர்வராயன் மலை, மதராஸ் மாகாணம். தோட்டத்தை விட்டு ஓடிப்போய்ப் பிடிபட்ட கூலிப் பெண்களுக்குத் தண்டனையாக மழித்த முடி. பிரிஸ்கோ குடும்பத்தார் கொடுத்தது. சோபாவோடு சேர்ந்த தொகுதியில் ஒன்று. மற்றவை அந்த வீட்டிலேயே விடப்பட்டன.'

செல்வி படித்ததையே மறுபடி படித்தாள். அப்புறம் படத்தைப் பெரிதாக்கினாள். ஏன் பெரிதாக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. திண்டின் ஒரு மூலை கிழிந்து முடி வெளியே வந்திருந்தது. கறுப்பும் நரையும் கலந்த கற்றை. இன்னும் பெரிதாக்கினாள். ஒவ்வொரு முடியிலும் வெள்ளை வெள்ளையாக, வரிசையாக, கோத்து வைத்த மாதிரி... பேன் ஈர்.

பின்வாசலுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். வாயைக் கொப்பளித்தாள். நேற்று அந்தச் சோபாவில் சாய்ந்துகொண்டு பிஸ்கட் தின்றது ஞாபகம் வந்தது. மறுபடியும் எடுத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். படிப்பு அவளை விடவில்லை. ஒரு ஆதாரம் கிடைத்தால் இன்னொன்றை வைத்து உரசிப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் ஆயிற்றே. அந்தக் காலத்துத் தோட்டத் துரைமார்கள் படித்த பத்திரிகை ஒன்று ஸ்கேன் ஆகிக் கிடந்தது. அதில் தேடினாள். கம்ப்யூட்டர் பிரிஸ்கோவைப் பிரிஸ்கா என்றும் பிரிக்கோ என்றும் தப்பாகப் படித்திருந்தது. கடைசியில் அகப்பட்டது. ஒரு விருந்தைப் பற்றிய வேடிக்கைச் செய்தி. பிரிஸ்கோ தன் சோபாவைத் தட்டிக்காட்டி, 'இவர்கள் என்னைவிட்டு ஓடப் பார்த்தார்கள், இப்போது என்னைத் தாங்குகிறார்கள்' என்றாராம். சீமாட்டிகள் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். இனிப்புக்கு எலுமிச்சைப் புட்டிங் நன்றாக இருந்ததாம்.

வாந்தியெடுக்கவும் வயிற்றில் ஒன்றும் இல்லை. இதைச் சொல்லும்போது, தலையணையைவிட அந்தப் புட்டிங்தான் தனக்குக் குமட்டியது என்று செல்வி ஆரோக்கியதாஸிடம் சொன்னாளாம்.

சுதாராணி டீயோடு வந்தாள். செல்வி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவாக, எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். சோபாவைப் பார்த்தாள். தன் கூந்தலைத் தொட்டாள். அழவில்லை, கத்தவில்லை.

"தெனமும் அதும்மேலதானுங்க்கா தல வெச்சுப் படுப்பேன்" என்றாள். அப்புறம், "எங்கம்மா செத்ததுக்கப்பறம் எந்தலைய ஆருமே தொட்டதில்லீங்க" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நல்லமுத்து வந்தார். செல்வி நின்றுகொண்டே சொன்னாள். அவர் சோபாவில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். முதலில் முகம் சுருங்கியது. எழுந்துவிடுவார் என்று செல்வி நினைத்தாள். எழவில்லை. யோசித்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"ஏனுங்க மேடம்... இது உண்மைன்னு ஆதாரம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்ண்ணா. அதனாலதான் சொல்றேன். இத இங்க வெச்சிருக்கக் கூடாது. லைன் வீட்டுச் சனங்ககிட்டக் குடுத்துருங்க. அவங்க பாட்டிமாரு முடி. அவங்க எடுத்துப் பொதைக்கட்டும்."

"பொதைக்கறதா?" நல்லமுத்து சோபாவின் கையைத் தட்டிக்கொடுத்தார். ஒரு நல்ல மாட்டைத் தட்டுகிற மாதிரி. "மேடம், வெளிநாட்டுக்காரனுக்கு இந்த மாதிரிக் கதைன்னா உசுரு. ஒரு பக்கம் துணிய வெட்டிட்டு, கண்ணாடி வெச்சர்லாம். உள்ளார முடி தெரியோணும். பக்கத்துல நீங்க எடுத்த காயிதத்தப் பெருசு பண்ணி மாட்டுனா... அடேங்கப்பா."

சொல்லிக்கொண்டே தலையைச் சொறிந்தார். வந்ததிலிருந்து சொறிந்துகொண்டுதான் இருந்தார், செல்வி அப்போதுதான் அதைக் கவனித்தாள்.

"அண்ணா, இது பொணத்த வெச்சு ஏவாரம் பண்ற மாதிரி."

"முடி பொணமாவுங்க? பழனியில, திருப்பதியில முடி ஏலம் போவுது. அதெல்லாம் பொணமா?"

சமையற்கட்டுக்குப் போனார். காய் நறுக்குகிற கத்தியோடு வந்தார். சுதாராணி சுவரோரமாக நின்றிருந்தாள். "ஐயா, வேண்டாமுங்க" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை. சோபாவின் முதுகில் கத்தியை வைத்து நீளமாக ஒரு கீறு கீறினார்.

துணி கிழிகிற சத்தம் வரவேண்டும். வரவில்லை. வேறு என்னவோ... ஈரமாக ஒரு சத்தம்.

முடி பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. அத்தனை வருஷத்து முடி காய்ந்து, நார் நாராகப் பொடிந்திருக்க வேண்டும் இல்லையா? இது எண்ணெய் வழிந்தது. பளபளவென்று இருந்தது. மேலே லேசாக ஆவி பறந்தது, குளிர்காலத்தில் வியர்த்த தலையில் பறக்கிற மாதிரி. நல்லமுத்து கையை உள்ளே விட்டார். "வெதுவெதுன்னு இருக்குதுங்க..." என்றார். வெளியே எடுத்தார். மணிக்கட்டு வரைக்கும் பிசுக்கு. உள்ளங்கையில் ஒரு சின்னப் பின்னல் வந்திருந்தது. விரல் நீளம்கூட இல்லை. அடியில் வாழை நாரால் முடிச்சு. அஞ்சாறு வயசுப் பிள்ளைக்குத்தான் அப்படிப் போடுவார்கள்.

அந்தப் பின்னல் அசைந்தது.

பின்னல் அசையவில்லை. அதன் மேல் இருந்தவை அசைந்தன. பேன். கொழுத்த பேன். ரத்தம் குடித்துக் குடித்து வயிறு கறுத்த பேன்கள், முடிக்கு முடி தாவி, அவர் விரலில் ஏறி, சட்டைக் கைக்குள் போய்க்கொண்டிருந்தன. சோபாவுக்குள் பார்த்தால்... மொத்தமும் நெளிந்தது.

செல்விக்கு அப்போது மனதில் ஓடியது ஒன்றுதான். தலையை விட்டு இறங்கினால் பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். அதற்கு ரத்தம் வேண்டும். இத்தனை காலம் இதற்குள்ளே இவற்றுக்கு ரத்தம் கொடுத்தது யார்?

நல்லமுத்து கத்தியையும் பின்னலையும் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே குளியலறைக்கு ஓடினார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அவர் ஓங்கரிக்கிற சத்தம். அதற்கும் மேலே, ஹாலில், யாருமே இல்லாத சோபாவின் பக்கத்திலிருந்து... ஒருத்தர் அல்ல, பத்து இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து பார்க்கிற மாதிரி...

ஸ்ஸ்... டக். ஸ்ஸ்... டக். ஸ்ஸ்... டக்.

செல்வி நகரவில்லை. நகர முடியவில்லை. சுதாராணிதான் முதலில் நகர்ந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சோபாவிடம் போனாள். கீழே விழுந்து கிடந்த அந்தச் சின்னப் பின்னலை எடுத்து, தூசி தட்டுகிற மாதிரி பேன்களைத் தட்டிவிட்டு, தன் முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

"சாக்கு எடுத்துட்டு வாங்க்கா" என்றாள்.

கையுறை இல்லை. சமையற்கட்டில் அரிசிச் சாக்கு இருந்தது. அள்ளினார்கள். செல்வி மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கை அள்ள அள்ளக் குமட்டிக்கொண்டு அள்ளினாள். அவளுக்கு அருவருப்புப் போகவேயில்லை. போயிற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொத்துக் கொத்தாக முடி விரலைச் சுற்றியது. நரை. செம்பட்டை. ஒரு கற்றையில் தோல் ஒட்டியிருந்தது. மழித்தவன் மெதுவாக மழிக்கவில்லை.

விடிவதற்குள் சுதாராணி சொல்லி அனுப்பி, லைன் வீட்டிலிருந்து ஆம்பளையும் பொம்பளையுமாக வந்துவிட்டார்கள். நல்லமுத்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, அந்தச் சனியன எடுத்துட்டுப் போங்க" என்று உள்ளிருந்தே கத்தினார். சோபாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டையை எரித்தார்கள். முடியை மஞ்சக்குட்டைப் பக்கம் தங்கள் இடுகாட்டில் பள்ளம் தோண்டி இறக்கிப் பால் ஊற்றினார்கள். சுதாராணி முந்தானையை அவிழ்த்துப் பின்னலைக் கடைசியாகப் போட்டாள். செல்வி சிலுவை போட்டுக்கொண்டு ஜெபம் சொன்னாள். யாரும் தடுக்கவில்லை.

அதோடு சத்தம் நின்றது. சுதாராணி அந்த வேலையை விட்டுவிட்டு ஏற்காடு டவுனில் ஒரு ஓட்டலில் சேர்ந்தாள். செல்வி சேலம் திரும்பி, கடையில் பேன் மருந்து வாங்கித் தேய்த்து, தலையை அலசி, ஒருவழியாகத் தூங்க ஆரம்பித்தாள். அந்த மியூசியத்துக்கும் எழுதினாள். அந்தத் திண்டைத் திருப்பி அனுப்புங்கள், இன்னார் இடுகாட்டில் புதைக்க வேண்டியது என்று. கமிட்டியில் வைக்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. இன்னும் கமிட்டியில்தான் இருக்கிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் ஆரோக்கியதாஸ் கையைத் துடைத்திருக்க மாட்டார்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். செல்வி சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறாள், வாசலில் நல்லமுத்து நிற்கிறார். தலையில் கம்பளிக் குல்லாய். சேலத்து வெயிலில் கம்பளிக் குல்லாய். இளைத்திருந்தார். ஆனால் சிரிப்பு அப்படியே இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் குல்லாயைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார்.

"மேடம், அன்னைக்கு எல்லாத்தையும் குடுத்துரல நானு. என் ரூமுல கெடந்த ஒரே ஒரு தலகாணிய எடுத்து அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன். வர்ற ஒறம்பரை, விருந்தாளிக்குக் காட்டலாமுன்னு."

செல்வி எழுந்து நின்றுவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. போன வாரம் தொறந்து பாத்தேனுங்க. துணி இருக்குது. தையலு பிரியல. உள்ள ஒண்ணுமே இல்லீங்க. வெறும் பையி."

அவர் குல்லாயைக் கழற்றினார். பாதி மொட்டை. அரிப்புத் தாங்காமல் பழனிக்கு வேண்டிக்கொண்டு போய் இறக்கினதாம். மழிக்கிறவர் பாதியில் கத்தியை வைத்துவிட்டு, மீதியை நான் செய்ய மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாராம்.

"எதுக்குன்னு சொல்ல மாட்டேனுட்டானுங்க. ஊட்ல கேட்டா அவளும் சொல்ல மாட்டேங்கறா, பொறந்தவூட்டுக்குப் போயிட்டா. நீங்க படிச்சவங்க. நெட்டுல தேடிப் பாத்தாவது சொல்லுங்க. வலியெல்லாம் இல்லீங்க. தொட்டுப் பாருங்க."

குனிந்து தலையைக் காட்டினார்.

உச்சந்தலையில் ஒரு கோடு. இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும். தழும்பு இல்லை. தையல். தடித்த நூலில், சோபா தைக்கிறவர்கள் வளைந்த ஊசியால் போடுவார்களே, அந்தத் தையல். சுத்தமாக, ஒரே இடைவெளியில். காயத்தைச் சுற்றி இருக்கிற சிவப்பு, வீக்கம், ஒன்றும் இல்லை.

செல்விக்குத் தொட விருப்பமில்லை. கை தானாகப் போயிற்று. ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தினாள்.

உள்ளே எலும்பு இல்லை. விரல் முதல் கணு வரைக்கும் இறங்கியது. மெத்தென்று... வெதுவெதுப்பாக. எடுத்தாள். விழுந்த பள்ளம் உடனே நிரம்பவில்லை. யாரோ எழுந்து போன பிறகு மெத்தை எழும்புகிற மாதிரி, மெதுவாக... மெதுவாக மேலே வந்தது.

"ஏனுங்க மேடம்" என்றார் நல்லமுத்து, குனிந்த தலை நிமிராமல். "தொட்டுப் பாருங்கன்னு சொன்னேனே... இன்னுந் தொடலீங்களா?"